மெர்லின் போட்ட சிவப்பு

நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் சின்ன காண்ட்ராக்ட் ஆபீஸ் ஒன்றில் நான் சூப்பர்வைசர். பெயர் கொளஞ்சியப்பன், ஊர் வடக்குத்து. முன்கோபக்காரன் என்று பெயரெடுத்தவன், அதில் பொய்யில்லை. யாரையும் லேசில் மெச்சமாட்டேன். ஆனால் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் மெர்லினை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புதான்.

எங்களிடம் இருநூற்றுப் பத்து பேர். தரையில் வேலை செய்பவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் டெஸ்ட், கன்வேயர் பெல்ட்டில் உயரத்தில் ஏறுபவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கெடு தாண்டினால் உள்ளே விடக் கூடாது. நோட்டைப் புரட்டிப் புரட்டி நான் தேடுவதற்குள் எத்தனை பேர் நழுவினார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"கெடு முடிஞ்சா அந்த ஆளோட தேதிக் கட்டம் செவப்பாயிடும்ணே. நீங்க தேடவே வேணாம்" என்றாள் மெர்லின்.

முதல் நாள் கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தால் இருநூற்றுப் பத்து கட்டமும் சிவப்பு! நான் ஒருவரையும் விடவில்லை. வேன்காரன் கத்துகிறான், ஆட்கள் கத்துகிறார்கள். "ஏம்மா, ஊருக்கே சீக்கா?" என்று நானும் கத்தினேன். கடைசியில் பார்த்தால், பட்டியலின் முதல் ஆளுக்குக் கெடு முடிந்திருந்தது. அவள் எழுதிய கட்டளை அவர் ஒருவரைப் பார்த்துவிட்டு எல்லார் கட்டத்துக்கும் சாயம் பூசிவிட்டது.

அவள் அழவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி விதியை மாற்றினாள். மறுநாள் நான்கே சிவப்பு. டெஸ்ட் எடுத்து ஆறு மாதம் தாண்டியவருக்கு, வேலை என்ற இடத்தில் 'தரை'யை 'உயரம்' என்று மாற்றினால், தேதியை யாரும் தொடாமலே பக்கத்துக் கட்டம் தானாகச் சிவந்தது. யம்மாடி! பத்து தடவை மாற்றச் சொல்லிப் பார்த்தேன்.

அந்த வாரமே அவள் அப்பா தைரியநாதன் வந்து நின்றார். பதினெட்டு வருஷம் கீழே நிலக்கரித் தூசி கூட்டியவர். பெல்ட் வேலை கேட்டுக் கேட்டு அன்றைக்குத்தான் கிடைத்தது. அன்று ஏறாவிட்டால் இடம் அடுத்துக் காத்திருந்த நெடுமாறனுக்கு. மெர்லின் 'உயரம்' என்று மாற்றினாள். டெஸ்ட் எடுத்து ஏழு மாதம். கட்டம் சிவந்தது.

"பாப்பா, நீ வச்ச செவப்புதானே? இன்னிக்கி ஒரு நாளு வெள்ளையாக்கி வுடு. நாளைக்கே டெஸ்ட் எடுத்துக்கினு வந்துடறேன்" என்று ஜன்னலில் கெஞ்சினார்.

கேட்க எனக்கே பொறுக்கவில்லை. "ஒரு நாள்தானேம்மா, வுடு" என்று சொல்லிவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு வேனை நிறுத்தி வைக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் கட்டம் சிவப்பாகவே இருந்தது.

"அந்த ரூல்ல யார் பேரும் கெடையாதுண்ணே. எங்கப்பா பேர மட்டும் எப்படி எழுதுவேன்?" என்றாள்.

நெடுமாறன் ஏறிப் போனான். தைரியநாதன் மகள் இருந்த ஜன்னலைத் தாண்டி நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் டெஸ்டுக்குப் போனவரை டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. இதயத் துடிப்பு விட்டுவிட்டு அடிக்கிறதாம். எந்த நேரமும் மயங்கி விழலாமாம். அன்றைக்கே புதுச்சேரிக்குக் கொண்டுபோய் நெஞ்சில் கருவி வைத்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன்.

"ரெண்டு தபா கண்ணு இருட்டிக்கினு வந்துதும்மா. சொன்னா வேல போயிடும்னு மறைச்சிட்டேன்" என்றார் படுத்தபடியே. "நீதான் கண்டுபுடிச்ச."

மெர்லின் அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"இல்லப்பா. அண்ணே வேன் பக்கம் போனப்ப உன் தேதிய நான் மாத்திட்டேன். கட்டம் வெள்ளையாயிடுச்சு. அத என்னால பாக்க முடியல. அப்புறந்தான் பழைய தேதியப் போட்டேன்."

தைரியநாதன் ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நகர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 'ஒரு நாள்தானே' என்று சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.