உடைந்த மோமோஸ்

இட்லிச் சட்டியைத் திறந்தேன். நான் பிடித்த மோமோஸில் பாதி வெடித்து, முட்டைக்கோஸ் வெளியே கிடந்தது.

"பரவால்லப்பா, நீங்க செஞ்சதே பெருசு!" என்று மேசையில் என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கைதட்டினாள்.

ஈரத்துணியில் வெந்த மாவின் வாசனை என்னைப் பரவை ஊரில் நான் வளர்ந்த வீட்டுக்கு இழுத்துப்போனது. பிள்ளையார் சதுர்த்தியன்று அம்மா அவிக்கும் கொழுக்கட்டையில் ஒன்றிரண்டு வெடித்துப் பூரணம் ஒழுகியிருக்கும்.

"இம்புட்டு வருசமாச்சு, இன்னும் பக்குவம் வரல" என்று அப்பா விருந்தாளிகள் முன்னால் சொல்வார். எல்லோரும் சிரிப்போம். நல்லதையெல்லாம் எங்களுக்கு வைத்துவிட்டு, வெடித்ததை அம்மா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பாள்.

அதே வெடிப்புக்கு எனக்குக் கைதட்டல். கூசிப்போய் நிமிர்ந்தேன். மேசையிலிருந்து அம்மா தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"உடைஞ்சதை எனக்குப் போடுப்பா."