ஜெனி மட்டும் காரில் வந்தாள்

அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த டூரிஸ்ட் பஸ்ஸைப் போன வருடம் அவரிடமிருந்து நான் வாங்கினேன். என் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது.

சொந்தக்காரர் கல்யாணத்துக்காக அரவேணுவிலிருந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பினோம். அண்ணன் மகள் ஜெனி ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள். அண்ணன் ஓடிவந்து, "உனக்கு வாந்தி வரும், கார்ல வா கண்ணு" என்று அவளை இறக்கிக்கொண்டு போனார். "மகாராணிக்குப் பஸ் ஆகாதாக்கும்!" என்று எல்லோரும் சிரித்தோம்.

மலை இறக்கத்தில், ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் கியரைக் குறைத்து, மலைப்பக்க மண்மேட்டில் பஸ்ஸை உரசி நிறுத்தினார். பனிமூட்டத்துக்குள் குழந்தைகளின் அழுகை மட்டும் கேட்டது. நல்லவேளை, யாருக்கும் பெரிய காயமில்லை.

பட்டறைக்காரர் கேட்டார்: "ஏனுங்கக்கா, இந்த மாடலுக்கு பிரேக் வால்வு கோளாறுன்னு கம்பெனியே கூப்பிட்டு இலவசமா மாத்திக் குடுக்குறாங்களே, உங்களுக்கு போன் வரலீங்களா?"

கம்பெனியில் இருந்தது அண்ணனின் நம்பர். நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

"வந்துச்சு. சொன்னா பஸ்ஸைத் திருப்பிக் குடுத்துருவியோன்னு இருந்துட்டேன்."

"அதான் ஜெனியை இறக்குனீங்களாண்ணா?"

அவர் தரையைப் பார்த்தார்.

கைமாறிய வண்டியானாலும் அந்தக் கோளாறை இலவசமாகச் சரிசெய்து வாங்கும் உரிமை எனக்கு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. வால்வை மாற்றி, கம்பெனியில் என் நம்பரையும் பதிந்தேன். இப்போது ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் வண்டியின் சேசிஸ் நம்பரைச் சொல்லி, ஏதும் கோளாறு அறிவிப்பு உண்டா என்று கம்பெனியில் நானே விசாரிக்கிறேன். யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன், கூடப்பிறந்தவரே ஆனாலும்.