கல்யாணப் புடவைக்குப் பாலிஷ்

என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே எங்கள் வீட்டில் நம்பிக்கை பெருக்கெடுத்து ஓடத் தொடங்கிவிட்டது. எல்லாம் வெளியிலிருந்து வந்த நம்பிக்கைதான். சபையார் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். காலையில் இரண்டு பேர், சாயங்காலம் நான்கு பேர். நான் நெசவை விட்டுத் தறிக்குழியிலிருந்து ஏறுவதும், ஸ்தோத்திரம் சொல்வதும், மறுபடி இறங்குவதுமாக இருந்தேன். காபிக்குப் பால் வாங்கி மாளவில்லை.

முதலில் வந்த அக்கா, தன் நாத்தனாருக்கும் இதே வியாதிதான் என்று ஆரம்பித்தார். "ஒரு சொட்டு கண்ணீர் வுடலம்மா அவங்க. அவ்ளோ நம்பிக்கை."

"இப்ப எப்படிக்கா இருக்காங்க?" என்று என் மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சிட்டாங்க."

ஆறுதல் என்றால் இதுவல்லவா ஆறுதல்! வாசல் வரை போய் அந்த அக்காவின் செருப்பை நானே எடுத்து வைத்தேன்.

அடுத்து வந்த தம்பி ஆபரேஷனே வேண்டாம் என்றார். கட்டி கரைந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்கூட்டியே சாட்சி சொல்லிவிட வேண்டுமாம். சொல்லிவிட்டால் கர்த்தர் செய்யாமல் இருக்க மாட்டாராம். ஆண்டவரையே வசமாக மாட்டிவிடும் யோசனை. சொன்னவர் மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணுக்கு மட்டும் விசுவாசம் பத்தவில்லை போலிருக்கிறது. நல்லவேளை, "நடக்காததை நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன் பிரதர்" என்று என் மனைவி முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை சென்னையில் ஆபரேஷன். சனிக்கிழமை காலை சின்ன காஞ்சிபுரம் பக்கம் போனபோது, பட்டுப் புடவைக்குப் பாலிஷ் போடும் கடைக்காரர் கூப்பிட்டார். "அண்ணே, அண்ணி குடுத்த பொடவை ரெடி ஆயிக்கினு இருக்குது. சாயங்காலம் எடுத்துக்கினு போங்க."

எட்டிப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் புடவை. வெள்ளைப் பட்டு, சரிகைக் கரை, என் தறியில் நானே நெய்தது. எங்கள் ஆட்களில் அந்தப் புடவைக்கு முக்கியமாக இரண்டு நாள்தான். மோதிரம் மாற்றும் நாள் ஒன்று, பெட்டிக்குள் படுக்கவைக்கும் நாள் ஒன்று. வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஊரே வந்து நம்பிக்கை நம்பிக்கைன்னு கூவிக்கினு போவுது. நீ இன்னாடான்னா பொட்டிக்குப் பொடவை ரெடி பண்றியா? இதான் உன் விசுவாசமா?"

சபையில் என்னைவிடக் கிண்டல் பேசுகிறவன் கிடையாது. நான் போய் விசுவாசத்தைப் பற்றிப் பேசியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"இன்னாத்துக்கு இந்தக் கூச்சல்? பொழைச்சி வந்தா ஈஸ்டர் ஆராதனைக்கு நானே கட்டிக்கினு வருவேன். போய்ட்டேன்னா நீங்க கட்டி வுடுங்க. அந்த நித்திரை அக்கா கைல மட்டும் குடுத்துடாதீங்க. உயிர்த்தெழும்போது கசங்கலா நிக்க வாணாம் பாருங்க. எப்படியும் கட்டத்தானே போறேன்?"

"பயமே இல்லையா உனக்கு?"

"இருக்குதுங்க. ரொம்ப இருக்குது."

சொல்லிவிட்டுக் கீரையை அலச எழுந்து போனாள். நான் பாலிஷ் கடைக்குத் திரும்பிப் போய் புடவை தயாராகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை கார் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. ஜெபம் பண்ண வருகிறேன் என்ற போதகரைக் காணோம். "நீங்க பண்ணுங்க" என்றாள். வாய்விட்டு ஜெபம் பண்ணி எனக்கு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, பொடவை நெய்யத்தான் எனக்குத் தெரியும். கட்டி வுடத் தெரியாது. மடிப்பு வெக்க சுத்தமா வராது. அந்த வேலைய என் தலைல கட்டிடாதப்பா. ஆமென்."

அவளும் ஆமென் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஈஸ்டருக்கு அவளேதான் கட்டிக்கொண்டு வந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போகிறோம். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை நான் தறியில் இறங்குவதில்லை. போன தடவை கிளம்பும்போது, "வாங்க, மடிப்பு வெக்க சொல்லித் தரேன், எதுக்கும் கத்து வெச்சிக்கோங்க" என்று கூப்பிட்டாள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.