இது அதே கம்ப்யூட்டர்தான்

நாலாவது ஸ்குரூவைக் கழற்றும்போதுதான் வாடிக்கையாளர்கள் உண்மையைச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்கும். கோமதியக்காவும் அப்போதுதான் சொன்னாள், முந்தின நாள் இடி இடித்தபோது கம்ப்யூட்டரை அணைக்கவில்லை என்று. சங்கரன்கோவிலில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற கடை அவளுடையது. மதர்போர்டில் ஒரு மூலை கறுத்திருந்தது. அதைக் காட்டினேன்.

“இடி கோயில் பக்கம்லா இடிச்சுது, இங்கன எப்படி வந்துச்சு?” என்றாள்.

சந்தனம்

புது போர்டு போட்டு, கம்ப்யூட்டரை இயக்குகிற ஓ.எஸ்.ஸை மறுபடி ஏற்றினேன். போர்டு மாறினால் ஓ.எஸ்.ஸுக்கு அது வேறு கம்ப்யூட்டர். லைசென்ஸ் எங்கே என்று கேட்கும். காட்டுகிறவரை, லைசென்ஸைப் பதியுங்கள் என்று திரையின் வலது கீழ்மூலையில் மங்கலாக இரண்டு வரி ஆங்கிலம் நிற்கும்.

லைசென்ஸ் நம்பர், கேபினட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த ஸ்டிக்கரின் மேல்தான் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருக்கிறார்கள். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனத்தோடு நம்பரும் துணிக்கு வந்துவிட்டது.

“பொட்டை அழிச்சா இப்படித்தான் ஆவும்” என்றாள் கோமதியக்கா.

மூலையில் இரண்டு வரி

சின்ன புரோகிராம் ஒன்று இருக்கிறது, போட்டால் அந்த வரிகள் போய்விடும் என்றேன். நீங்கள் எல்லோரும் போட்டிருப்பீர்கள். “திருட்டு வேண்டாம் தம்பி. நாலு வீட்டு முகூர்த்தம் அடிக்கிற கடை” என்றாள்.

அந்த நேரம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பெண் வீட்டார் ப்ரூஃப் பார்க்க வந்தார்கள். பத்திரிகை திரையில் இருந்தது. மூலையில் அந்த இரண்டு வரிகளும் இருந்தன. அவை பேப்பரில் வராது என்று பெண்ணின் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூலையையே பார்த்தார்.

“சாயங்காலத்துக்குள்ள அதை எடுத்துட்டு அங்கன பொண்ணோட தாய்மாமன் பேரைப் போடுங்க. முடியலைன்னா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு கடை இருக்காமே, அங்க குடுத்துக்கிடுதோம்” என்றார்.

இன்னொரு கடை

அந்த இன்னொரு கடை கோமதியக்காவின் தம்பி சங்கருடையது. போன வருஷம்வரை இரண்டு பேரும் இந்தக் கடையைத்தான் சேர்ந்து நடத்தினார்கள். அக்கா மகளின் சடங்குப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் கடைசி வரியில் இருந்தது. கட்டிங் மிஷின் ஓரத்தை வெட்டியபோது பெயரும் சேர்ந்து போயிற்று. ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான் பார்த்தேன் என்பது அக்கா கட்சி. பத்திரிகை அடிப்பதே தொழிலாக இருக்கிறவள் பார்க்காமலா விட்டாள் என்பது தம்பி கட்சி. சடங்குக்கு அவன் வரவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் இல்லை.

லைசென்ஸுக்கு இன்னொரு வழி இருந்தது. ஓ.எஸ். வாங்கும்போது இன்டர்நெட்டில் ஓர் அக்கவுண்ட் திறந்திருப்பார்கள். அதில் நுழைந்து, கம்ப்யூட்டர் பழசுதான், போர்டு மட்டும் மாற்றினேன் என்று சொன்னால் போதும். பாஸ்வேர்டு அக்காவுக்கு நினைவிருந்தது. போட்டதும், போனுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. கோமதியக்கா தன் போனை எடுக்கவில்லை. அது சங்கரின் நம்பர், அக்கவுண்ட் திறந்தது அவன்தான்.

“மிஷினுக்குக்கூட அவன் வந்து சொன்னாத்தான் நம்பிக்கையாம்” என்றாள்.

ரகசிய எண்

நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவளே கூப்பிட்டாள். எண்ணை நான் தட்டவேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஒரு நம்பர் வந்திருக்குமே.”

“வந்திருக்கு. யாருக்கும் சொல்லாதேன்னுல்லா போட்டிருக்கு.”

“அப்ப நான் யாருல?”

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹார்ன் அடித்து ஓய்ந்தது. பிறகு எண்ணைச் சொன்னான். அதற்குள் அது காலாவதியாகிவிட்டது. இன்னொன்று அனுப்ப வைத்தேன். இந்தத் தடவை உடனே சொன்னான்.

“இடிக்கு ஆஃப் பண்ணலையா?”

“பத்திரிகை பாதியில கெடந்துச்சுல.”

“யாரு வீட்டுப் பத்திரிகை?”

“கரிவலம் பார்ட்டி.”

“கடைசி வரியைக் கொஞ்சம் மேல ஏத்தி வையி” என்றான் சங்கர். போனை வைத்துவிட்டான்.

மூலையில் இருந்த இரண்டு வரிகளும் மறைந்தன. போர்டு மாறினால் லைசென்ஸ் போய்விடும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது யார் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் கேபினட்டின் மூடியை மாட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் போன் நம்பரை நீக்கிவிட்டு வேறு நம்பர் கொடுக்கிறீர்களா என்று திரை கேட்டது. கோமதியக்கா மௌஸை நகர்த்தி ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.