கனிவான கவனத்திற்கு

எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் ஒரு தடவையாவது காத்து நின்றவர்களுக்கு என் அண்ணியைத் தெரியும். முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் வருமே, அது அண்ணிதான். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்பதையெல்லாம் கேட்கிறவனுக்குக் கோபமே வராதபடி சொல்லி வந்தவள்.

அதே நிலையத்தில் மூன்றாவது நடைமேடை ஓரமாக டீக்கடை வைத்திருப்பவள் நான், அவளுடைய நாத்தனார். எனக்கும் குரல் உண்டு. தகரத்தை ரோட்டில் போட்டு இழுத்த மாதிரி இருக்கும் என்பார்கள். கல்யாணமாகிப் போன வேகத்தில் நான் திரும்பி வந்ததற்கு ஆயிரம் காரணம் இருந்தது. அந்த வீட்டில் மட்டும் என் குரல் ஒன்றுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். சொல்லட்டும். "டீ" என்று நான் ஒருமுறை கத்தினால் ஆறாவது நடைமேடையில் தூங்குகிறவன் எழுந்து வருகிறான். வியாபாரத்துக்கு அது போதும்.

அண்ணனே அண்ணியின் குரலில் விழுந்தவன்தான். நிலையத்தை ஒட்டிய பணிமனையில் மெக்கானிக். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவன், இது யார் பேசுவது என்று பார்க்கச் சட்டென்று எழுந்து நெற்றியை இடித்துக்கொண்டான். தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாணம் ஆன பிறகு அந்தக் குரல் நாள் முழுக்க வீட்டில் ஒலிக்கும் என்று எதிர்பார்த்தான், பாவம். அண்ணி வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். வெந்நீர் குடிப்பாள். கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்பதைக்கூடப் புருவத்தால்தான் கேட்பாள். அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்தத் தொண்டை ஒன்றுதான். அதைப் பூட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

பூட்டைத் திறந்தது பூனைகளுக்கு மட்டும். அறிவிப்பு அறைக்குப் பின்னால் பழைய டயர்களைப் போட்டு வைக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதில் ஒரு பூனைக் கூட்டம். யாரும் வளர்த்ததில்லை. கை நீட்டினால் நகத்தால் பதில் சொல்லுகிற ரகம். மத்தியானம் பன்னிரண்டரை வண்டி போனபின் ஒரு மணி வண்டி வரும்வரை அண்ணிக்கு வேலை இருக்காது. சோற்றில் மீன் தலையைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நிற்பாள். மற்றவர்கள் மாதிரி நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட அவளுக்கு வராது. வாய்ப்பழக்கம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றுதான் மெதுவாகச் சொல்வாள். டயருக்கு ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

பெயர்களும் அப்படித்தான். டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவன் மாதிரி யார் பங்கிலாவது வாய் வைத்துவிட்டு நழுவுகிறவன் வித்தவுட். எல்லாரும் சாப்பிட்டு மீசை துடைக்கும் நேரத்தில் அசைந்து அசைந்து வருகிறவள் கடைசி வண்டி. குட்டி மேல் குட்டியாகப் பெருகிவிட்டால் விரட்டிவிடுவார்கள் என்று அண்ணி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கால்நடை மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தாள். கூட்டிப்போனது என் கடையின் பன் கூடையில். அதை நான் தேய்த்துக் கழுவிய கழுவலில் கூடையே பாதியாகிவிட்டது.

எனக்கும் அந்தப் பூனைகளுக்கும் பேச்சு வார்த்தை உண்டு. என் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வால் தெரிந்தால் போதும், "ச்சீ, போ" என்று ஒரு குரல் கொடுப்பேன். பூனை போய்விடும். டீ குடித்துக்கொண்டிருக்கிறவனும் இரண்டடி தள்ளி நிற்பான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது புது நிலைய மேலாளர் வந்தார். வந்தவர் சும்மா இருந்தால் என்ன, பழைய கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றிப் போட்டார். அந்தக் கூம்பில் அண்ணி பேசினால் ஜலதோஷம் பிடித்த மாதிரிக் கேட்கும். மனிதர்களுக்கு அதற்குள்ளும் இனிமை தெரிந்தது. பூனைகள் மட்டும் அது அண்ணி என்று ஒப்புக்கொண்டதே இல்லை. இப்போது தூணுக்குத் தூண் புது ஸ்பீக்கர் பெட்டி. ஒரு தடவை பேசிப் பதிவு செய்துவிட்டால் கணினி நேரம் பார்த்துத் தானே ஒலிபரப்பிவிடுமாம். அண்ணி இனி விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தால் போதுமாம்.

பதிவு செய்ய ஓர் இளைஞர் காதில் ஹெட்போனோடு வந்தார். கனிவு போதவில்லை, மனதுக்குப் பிடித்த யாரையாவது நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார். ஓரமாக நின்றிருந்த அண்ணன் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான். அண்ணி கண்ணை மூடிச் சொன்னாள். தேனாக வந்தது. இரவு சாப்பிடும்போது, யாரை நினைத்தாய் என்று அண்ணன் ஆசையோடு கேட்டான். அண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. கடைசி வண்டியை நினைத்தேன் என்றாள். அண்ணன் கை கழுவப் போனான்.

மறுநாள் காலை மேலாளர் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று பொத்தானை அழுத்தினார். முதலாவது நடைமேடைத் தூணிலிருந்து அண்ணி கூப்பிட்டாள். பக்கத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. கொட்டகையிலிருந்து மொத்தப் பூனைகளும் வாலைத் தூக்கிக்கொண்டு முதலாவது நடைமேடைக்கு ஓடி வந்தன. தூணை அண்ணாந்து பார்த்தன. சோறு இல்லை. அதற்குள் அண்ணி நாலாவது நடைமேடையிலிருந்து கூப்பிட்டாள். வண்டிகள் திரும்புகிற பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அங்கே ஓடின. பிரேக் போடும் சத்தம், நடத்துநர்களின் வசவு, குழந்தைகளின் கைதட்டல். வித்தவுட் ஒரு பெண்மணியின் சாப்பாட்டுப் பையில் இறங்கிவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு, வழக்கம்போல அசைந்து அசைந்து வந்தாள் கடைசி வண்டி. அவள் வாலின் மேல் ஒரு பின்சக்கரம் ஏறி இறங்கிவிட்டது.

ஒரு முழம் முன்னால் ஏறியிருந்தால் வாலோடு போயிருக்காது, உயிரே போயிருக்கும். அண்ணி அவளைச் சேலைத் தலைப்பில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து என் பன் கூடையில் வைத்தாள். கையெல்லாம் கீறல்.   கூடையைக் கழுவுவது பற்றி நான் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மேலாளர் முடிவைச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும், பூனைகளைச் சாக்கில் பிடித்துப்போய் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் விட்டுவிடும். அண்ணி கெஞ்சினாள். அங்கே நாய்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, ஒரு ராத்திரிகூடத் தாங்காது என்றாள். பதிவை எடுத்துவிடுங்கள், நானே பழையபடி பேசுகிறேன் என்றாள். நேரில் பேசினாலும் அதே பெட்டி, அதே குரல்தானே என்றார் மேலாளர். 

ஞாயிற்றுக்கிழமைக்குள் பூனைகளுக்குத் தன் குரலை மறக்கடிக்க வேண்டும் என்று அண்ணி கிளம்பினாள். காலையிலேயே வயிறு முட்டச் சோறு போட்டுப் பார்த்தாள். பூனைகள் ஓடத்தான் செய்தன, தொந்தியோடு கொஞ்சம் மெதுவாக ஓடின, அது இன்னும் ஆபத்து. ஒருநாள் முழுக்கப் பேசாமல் தட்டை மட்டும் தட்டிப் போட்டாள். தட்டுக்கும் வந்தன, தூணுக்கும் ஓடின. கடைசியில், பூனைகளைத் திட்டிப் பயமுறுத்த எனக்குக் கற்றுக்கொடு என்று என்னிடமே வந்து நின்றாள். இந்த வித்தையைக் கேட்டு என்னிடம் வந்த முதல் ஆள் அவள்தான்.

கொட்டகை வாசலில் பாடம் நடந்தது.

"'போ சனியனே'ன்னு சொல்லுங்க அண்ணி. அடிவயித்துல இருந்து வரணும்."

அண்ணி மூச்சை இழுத்துப் பிடித்து, "போ சனியனே" என்றாள். என் காதுக்கு அது தாலாட்டாக விழுந்தது. வித்தவுட் வந்து அவள் காலை உரசினான். இன்னும் இரண்டு பூனைகள் பின்னாலேயே வந்து உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்வாள் என்று வாயைப் பார்த்தன. திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கூட்டம் கூடியதுதான் மிச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ச்சீ, போ" என்றேன் நான்.

கொட்டகை வாசல் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. டயருக்குள் ஒரு வால் நுனிகூடத் தெரியவில்லை. அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"நீ பேசும்மா" என்றாள். "தூண்ல உன் குரல் வரட்டும். இதுங்க அந்தப் பக்கமே போகாது."

நான் முடியாது என்றேன். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் உங்களுக்கு இருப்பதே அது ஒன்றுதானே, அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கத்தினேன். கத்தியதில் வெளியே எட்டிப் பார்த்த வித்தவுட் மறுபடி டயருக்குள் போய்விட்டான்.

"என் குரல் இல்லன்னா யாரும் சாக மாட்டாங்க" என்றாள் அண்ணி. "அது இருந்தா இதுங்க செத்துடும். அவ்வளவுதான் கணக்கு."



மேலாளரிடம் நாங்கள் இருவரும் போனோம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று தெரியாமல் அவரும் திண்டாடிக்கொண்டுதான் இருந்தார். ஓட்டுநர்கள் புகார் மேல் புகார் கொடுத்திருந்தார்கள். பிடிக்க வருகிற ஆளோ ஞாயிறு என்பான், அடுத்த ஞாயிறு என்பான் போலிருந்தது. அண்ணி யோசனையைச் சொன்னதும், எங்கே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள் என்றார். நான் சொன்னேன். மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"பூனை போயிடும், சரி. பயணிங்களும் போயிட்டா?"

"அவங்க டிக்கெட் எடுத்துட்டாங்கல்ல சார், எங்க போவாங்க?" என்றேன்.

ஹெட்போன் இளைஞர் மறுபடி வந்தார். வண்டிப் பெயர், நடைமேடை, நேரம் எல்லாம் எனக்கு ஒரே மூச்சில் வந்தது. "கனிவான" என்ற இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். என் வாயில் அது "கையைத் தூக்கு" என்கிற மாதிரி வந்தது. பிடித்த யாரையாவது நினைக்கச் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், யாரும் கிடைக்கவில்லை. புகுந்த வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதன் பிறகு சொன்னது இன்னும் மோசம். திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் களைத்துப்போய், இதுவே இருக்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

பலன் கைமேல் தெரிந்தது. தூண்களில் என் குரல் வந்ததும் பூனைகள் கொட்டகைக்குள் அடங்கின. வண்டிப் பாதையில் அதற்கப்புறம் ஒரு பூனையைக்கூட யாரும் பார்க்கவில்லை. பிடிக்கிற ஆளுக்கு வேலையில்லாமல் போயிற்று. பயணிகள் வரிசையில் நின்றார்கள். ஒரு ஓட்டுநர் குரலுக்குப் பயந்து நேரத்துக்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டுப் பின்னோக்கி வந்தார். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். தகரத்துக்கும் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணி விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தாள். நடுவில் தடித்த கண்ணாடி, அதில் ஒரு சின்ன ஓட்டை. ஒருநாள் நான் டீ கொண்டுபோய் வைத்தபோது, வழக்கமாக வருகிற பெரியவர் ஒருவர் ஓட்டையில் குனிந்து, முன்பெல்லாம் ஒரு அம்மா பேசுவாங்களே, அவங்க எங்கே போனாங்க என்று கேட்டார். இப்போது பேசுவது காதில் விழுந்தாலே வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருக்கிறதாம். அவங்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது என்றாள் அண்ணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்குக் குரல் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அண்ணி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், ஆறிப்போன பிறகும். கூப்பிட்டு இவங்கதான் என்று சொல்லியிருக்க வேண்டும் நான். என் குரலைக் கேட்டு அவர் ஓடிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அண்ணிக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிவிட்டது. படுக்கையிலிருந்தபடி சோற்றுத் தூக்குச்சட்டியைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். புரிந்தது. போட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

மத்தியானம் கடையில் கூட்டம். ஒரு மணி நெருங்கும்போதுதான் ஓட முடிந்தது. கொட்டகை வாசலில் தட்டை வைத்து, கரண்டியால் தட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வித்தவுட் வந்தான், என்னை ஏற இறங்கப் பார்த்தான், வாய் வைத்தான். மற்றவையும் வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், பாதி வாலைத் தூக்கிக்கொண்டு கடைசி வண்டி அசைந்து வந்தாள். நேரே தட்டுக்குப் போகாமல் என் காலில் ஒரு தடவை உரசிவிட்டுப் போனாள்.  யாரும் அப்படி என்னிடம் வந்ததில்லை. அவள் முதல் வாய் எடுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தூணிலிருந்து, "கையைத் தூக்கு" என்கிற மாதிரி ஒரு கர்ண கடூரம்.

தட்டு கவிழ்ந்தது. சோறு சேற்றில். பூனை ஒன்றுகூட இல்லை. ஒரு மணி வண்டி எந்த நடைமேடை என்று அந்தக் குரல் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கரண்டியும் கையுமாக நேரே மேலாளர் அறைக்குள் போனேன். ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட விடுகிறாளா, அந்தக் கொட்டகைப் பக்கத்துப் பெட்டியைக் கழற்றுங்கள், அவளை யார் உள்ளே விட்டது என்று கேட்டேன்.

எந்தப் பொம்பளையைச் சொல்கிறீர்கள் என்றார் மேலாளர்.

"காலையில இருந்து கத்திக்கிட்டே இருக்காளே சார்" என்றேன். "அவதான்."