இரண்டு உதவி இருக்கைகள்

ஞாயிறு காலை ஒன்பது ஐந்து. ஜார்ஜ்டவுனில் வாடகைக்கு எடுத்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை, மேடை மேசைமேல் அடுக்கியிருந்த பொன்னாடைகள். பதினொன்று. பக்கத்தில் ஆண்டறிக்கை நான்கே நான்கு பிரதி. உறுப்பினர்கள் அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

வயதானவர்களைக் கல்விப் பயணம் அழைத்துப்போகும் சங்கம் எங்களுடையது. லாப நோக்கமற்றது என்று கடிதத்தாளிலேயே அச்சடித்திருக்கும். பயணத்துக்கு முன்னால் ஆறு வாரம் கெலுகோரில் வகுப்பு. போகிற இடத்தின் வரலாற்றைக் கொஞ்சமாவது படித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இந்த முறை அங்கோர் கோயில்கள். சங்கச் சட்டப்படி ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு இருக்கைகள் ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு. அவர்கள் நானூறு வெள்ளி முன்பணம் கட்டினால் போதும். மிச்சத்தை நன்கொடையில் சேர்ந்த உதவி நிதி ஏற்கும்.

நான் உட்கணக்காய்வாளர். பத்திரிகையில் முப்பது ஆண்டு அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பொருளாளர் கணக்குக் கோப்போடு ஒரு டப்பா முறுக்கும் கொண்டுவந்தார். கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். முறுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதரைக்கு பைராம் தோட்டத்து அக்கா வந்தார். அறுபத்தெட்டு வயது. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓய்வூதியம் கிடையாது. மகன் மோட்டார் சைக்கிளில் நிபோங் திபால் ஸ்டேஷனில் இறக்கிவிட, ரயில், ஃபெரி, பஸ் என்று மாறி ஆறு வகுப்புக்கும் வந்தவர். ஓய்வூதியக்காரர்கள் பின்வரிசையில் தூங்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் கோபுரங்களை வரைந்துகொண்டவர். நானூறு வெள்ளி முன்பணமும் கட்டியிருந்தார். பாஸ்போர்ட் எடுத்தது அதுதான் முதல்முறை.

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பயணப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. உதவி இருக்கைகள் இரண்டும் பயணத் தொண்டர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன என்று இருந்தது.

“தொண்டர்னா யாரு தம்பி?”

அந்தச் சொல்லை நான் பார்த்திருந்தேன். செலவுப் பட்டியலில் ஒன்பதாவது வரி. கோப்பு மேடையோரம் இருந்தது. ரசீதுகளைப் புரட்டினேன். ஒன்றில் தலைவரின் மனைவி பெயர், மற்றதில் பொருளாளரின் மச்சான் பெயர். வீட்டில் கோப்பு மூன்று மணி நேரம் என் மடியில் இருந்தபோது தொகைகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பொருளாளர் தேநீர் மேசையில் மீகூன் சேமியா தின்றுகொண்டிருந்தார். கேட்டேன். மறுக்கவே இல்லை. வருஷம் பூரா சும்மா உழைக்கிறோம், பெட்டி தூக்கவும் தலை எண்ணவும் ஆள் வேண்டாமா என்றார். தலைவரின் மனைவிக்கு மூட்டுவலி, அவர் யார் பெட்டியைத் தூக்குவார் என்று கேட்டதற்குச் சிரித்தார். பல்லிடுக்கில் சவி கீரை ஒட்டியிருந்தது. “அண்ணே, கூட்டல் சரிதானே? நீங்கதானே சைன் போட்டீங்க?”

பத்தே காலுக்குக் கணக்கு வந்தது. எங்கள் சங்கத்தில் கணக்கை யாரும் வாசிப்பதில்லை. வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்று தலைவர் கேட்பார். அவர் வாய் மூடுமுன் முன்வரிசையில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அன்று இடையில் ஒரு கை உயர்ந்தது. அக்காவின் கை.

தலைவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. முகமெல்லாம் மலர, “தோட்டத்துலேருந்து இவ்ளோ தூரம் வந்திருக்காங்க நம்ம அக்கா. மேடைக்கு வாங்கக்கா,” என்றார். பன்னிரண்டாவதாக ஒரு பொன்னாடை இல்லாததால், தனக்கென்று வைத்திருந்ததையே எடுத்துப் போர்த்தினார். கைதட்டல். செயலாளர் கைப்பேசியைத் தூக்கி, “இங்க பாருங்கக்கா, சிரிங்க,” என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. “ஐயா, எனக்கு இது வேணாம். என் சீட்டு என்னாச்சுன்னு கேக்கத்தான் கை தூக்கினேன்.”

மைக் அதற்குள் அவரிடமிருந்து நகர்ந்துவிட்டது. பாதிப்பேருக்குக் கேட்டிருக்காது. கேட்டவர்கள் பந்தி பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நான் எழுந்தேன். ஒன்பதாவது வரி தப்பு, உதவி நிதியில் செயலவை உறுப்பினர்களின் வீட்டார் பயணம் போவதைத்தான் அங்கே தொண்டர் செலவு என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

“ஆடிட்டர் அண்ணே, அதுல கையெழுத்து உங்களோடது லா,” என்றார் தலைவர். “வேணும்னா உங்க கணக்க நீங்களே தள்ளிவிட முன்மொழியுங்க.”

சிரித்தார்கள். முறுக்கு டப்பா பொருளாளருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் மண்டபத்தில் எல்லாருமே அதைத் தின்றது போலத்தான் எனக்குப் பட்டது, என்னையும் சேர்த்து. முன்மொழிகிறேன் என்றேன்.

வழிமொழிய ஆள் வேண்டும். என்னோடு நான்கு நாடு சுற்றியவர்கள் அங்கே இருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். அவர் மனைவி அவர் சட்டைக்கையைப் பிடித்திருந்தார்.

“நான் வழிமொழியிறேன்,” என்றார் அக்கா, பொன்னாடையோடு மேடையில் நின்றபடியே.

செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார். பாதிச் சந்தா கட்டுபவர்கள் துணை உறுப்பினர்கள். துணை உறுப்பினர்கள் முன்மொழியவோ வழிமொழியவோ வாக்களிக்கவோ முடியாது. உதவி இருக்கைக்கு மனுப்போடத் தகுதி உள்ளவர்கள் துணை உறுப்பினர்கள் மட்டுமே.

கணக்கு நிறைவேறியது. எண்ணெய்க் கைகள் உயர்ந்ததை எண்ணினேன்: நாற்பத்தேழு. அக்கா பொன்னாடையை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல் ஃபெரிக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து அவருக்கு முன்பணம் காசோலையாகத் திரும்பி வந்தது. நிர்வாகச் செலவுக்கு ஐம்பது வெள்ளி பிடித்திருந்தார்கள்.