சுவரைத் தொட்டுப் பார்த்து எடுத்த ரூம்

எங்கள் பாப்பாயி அத்தையை யாராவது இளக்காரமாகக் 'கோழிக்காரி' என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அதையே மரியாதையாகச் சொன்னால் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பேன். அவள் கோழிக்காரிதான், அதில் சந்தேகமில்லை. நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், முட்டைக்காகவே வளர்க்கும் வெள்ளை லெகார்ன் கோழிகளை முதன்முதலில் கொண்டுவந்து இறக்கியவள் அவள். அந்தக் குஞ்சுகள் ஊர் வந்து சேர்ந்த கதையைச் சின்னண்ணன் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், கல்யாண வீடுகளில் ஒரு மாதிரி சொல்வார். அத்தை வேறு மாதிரி சொல்வாள். மாமா சொல்வதில் விமானம் நிறைய வரும். அத்தை சொல்வதில் குஞ்சுகள் மட்டும்தான் வரும். இரண்டையும் கேட்டவள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தாறாம் வருஷம் இருக்கும். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. கடலைக்காட்டில் போட்ட விதைகூடத் திரும்பவில்லை. நாமக்கல்லில் இருந்த கால்நடை டாக்டர் ஒருவர் கோழி வளர்க்கச் சொன்னார். அத்தையும் மாமாவும் கடலைக்காட்டை ஒதுக்கி அதில் நீளமாக ஒரு கொட்டகை போட்டார்கள். குஞ்சு வாங்க டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்குப் போகவேண்டும். அங்கே முட்டைகளை மெஷினில் வைத்துப் பொரிக்கவைத்து, பொரித்த அன்றைக்கே குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துக் கொடுப்பார்கள். பொரித்த குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். அதற்குள் ஊர் வந்தாக வேண்டும். அதனால் போகும்போது ரயில், வரும்போது ஆகாய விமானம் என்று ஏற்பாடு.

மாமா தனியாகப் போவதாகத்தான் முதலில் பேச்சு. மாமாவுக்குக் கோழி என்றால் குழம்பில்தான் தெரியும் என்று டாக்டருக்கும் தெரிந்துவிட்டது. அத்தையைக் கூட்டிப்போகச் சொன்னார்.

என் அப்பா சென்னிமலை, அத்தைக்கு அண்ணன். அவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. பஸ் ஏறும் இடத்துக்கு வந்து, நாலு பேர் முன்னால் சொன்னார்.

"மிசினு பொரிச்ச குஞ்சுக்கு அணைக்கறதுக்குத் தாய் ஏது? உசுரோட ஊடு வந்து சேராது பாப்பாயி. காடும் போச்சு, நம்ம பேரும் கெட்டுப் போயிரும்."

"கொண்டாந்து காட்டுறேனுங்க அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறினாள். சொந்த அப்பா என்பதற்காக நான் மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு வழியனுப்ப வந்தவர்களில் பாதிப்பேர் சிரிப்பதற்காகத்தான் வந்திருந்தார்கள். குஞ்சுகள் செத்துப்போனால் கொட்டகை காலி, காடும் வீண். அதற்குப் பிறகு அத்தை வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் ஊரில் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள்.

டெல்லியில் ஐந்நூறு குஞ்சுகள், ஐந்து அட்டைப் பெட்டிகள். பெட்டியின் நாலு பக்கமும் காற்றுப் போக ஓட்டை. விமானத்தில் அவை அடியில் சாமான்களோடு வந்தன. அத்தை வழி முழுக்கக் காலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாளாம். மேகத்தைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி மாமாவுக்கு அலுத்துவிட்டது.

பம்பாயில் இறங்கும்போது பொழுது சாயவில்லை. ஆனால் கோயம்புத்தூர் போகும் விமானம் மறுநாள் காலையில்தான். நடுவில் ஒரு ராத்திரி. விமானக் கம்பெனிக்காரர் நல்ல மனுஷன். இப்படித் தங்கிப் போகிறவர்களுக்கென்று கடற்கரையில் ஓர் ஓட்டல் இருக்கிறது, வண்டியே கொண்டுபோய் விடும், காலையில் கூட்டி வந்துவிடும் என்றார். வேண்டாமென்றால் நீங்களே இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொன்னவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வந்த உபகாரசாமி. சேலம் சூரமங்கலத்துக்காரர், ஏரோடிரோமில் சாமான் தூக்கும் வேலை. இவர்கள் பேச்சைக் கேட்டதும் பக்கத்தில் வந்து, "நீங்க நாமக்கல் பக்கமா அக்கா?" என்று கேட்டுவிட்டார். வேலை முடியும் நேரம்தான், கூடவே வருவதாகவும் சொன்னார்.

மாமாவுக்குக் கடற்கரை ஓட்டல் என்றதும் வேறு எதுவும் காதில் விழவில்லை. கடலை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஊருக்குப் போய் யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்திருப்பார்.

ஓட்டல் பிரமாதம்தான். வழவழவென்று தரை, ஆள் உயரக் கண்ணாடி, வாசலில் சலாம் போட ஆள். பெட்டிகளை அறைக்குள் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். அத்தை உள்ளே போனதும் கட்டிலைப் பார்க்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் கடல் காற்று சீறிக்கொண்டு வந்தது. பெட்டிகளில் ஐந்நூறு குஞ்சுகளும் கீச்சுக் கீச்சென்று தொண்டை கிழியக் கத்தத் தொடங்கின.

"இங்க வேண்டாமுங்க. குளுருக்குக் கத்துதுங்க" என்றாள் அத்தை.

"இத்தன பெரிய ஓட்டலு கெடச்சிருக்குது, வேண்டாங்கறயே புள்ள. கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

அத்தை உபகாரசாமியோடு கீழே போய், காற்று வராத வேறு அறை உண்டா என்று விசாரித்தாள். எல்லா அறையும் கடலைப் பார்த்ததுதான் என்றார்கள். அந்த நேரத்தில் மாமா தன் சாமர்த்தியத்தைக் காட்டிவிட்டார். தன் கம்பளியை எடுத்துப் பெட்டிகள் மேல் நன்றாக இழுத்துப் போர்த்திவிட்டார். சத்தம் நின்றது. அத்தை திரும்பி வந்தபோது கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"பாத்தியா, தூங்கிப்போச்சுங்க. இங்கயே இருந்துக்கலாம்."

அத்தை கம்பளியை உருவி எறிந்தாள். பெட்டியைத் திறந்தால், குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. ஓட்டைகளெல்லாம் அடைபட்டு உள்ளே புழுங்கிப்போயிருந்தது. ஒரு மூலையில் நாலு குஞ்சுகள் தலை சாய்ந்து கிடந்தன. அவற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் சொன்னது நெசமாப் போயிருமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

கல்யாண வீட்டுக் கதையில் மாமா இந்த இடத்தை மட்டும் விழுங்கிவிடுவார். ஆனால் என்னிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறார். அவருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டதாம். எழுந்து, பெட்டிகளை அவரே தூக்கினார்.

"நீ சொல்ற எடத்துக்குப் போலாம் புள்ள. கடலு எங்கயும் போகாது."

டாக்ஸியில் அத்தை உபகாரசாமியிடம் தனக்கு வேண்டியதைச் சொன்னாள். "அடைக்கோழி எப்படி இருக்குமுங்க தம்பி? மேல பட்டா வெதுவெதுன்னு இருக்கும், ஆனா அமுக்காது. அந்த மாதிரி ஒரு ரூமு வேணுமுங்க. அழகு வேண்டாம்."

உபகாரசாமி பம்பாயில் பத்து வருஷமாக இருப்பவர். யார் யாரோ அவரிடம் விலை குறைந்த ரூம், ஸ்டேஷன் பக்கத்து ரூம், சாம்பார் கிடைக்கும் ரூம் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அடைக்கோழி போன்ற ரூம் கேட்டது இவள் ஒருத்திதான். முதலில் நம் ஆட்கள் நடத்தும் ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். காற்று வராத அறை. ஆனால் மேலே தண்ணீர்த் தொட்டி. அத்தை சுவரைத் தொட்டாள், கை ஈரமானது. சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு நல்ல பசி. இருந்தும் முதலில் வெளியே நடந்தவர் அவர்தான். அதற்கடுத்த இடத்தில் வராந்தாவிலேயே காற்று தள்ளியது. அத்தை உள்ளேகூடப் போகவில்லை.

திரும்பி டாக்ஸிக்கு நடக்கும்போது ஒரு சந்தில் அத்தை நின்றுவிட்டாள். பழைய சுவர் ஒன்றின் மேல் கையை வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு கன்னத்தையே வைத்துப் பார்த்தாள். தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதைப் பற்றி அவளுக்கு என்ன கவலை?

"இது ஆரூட்டுச் சொவருங்க?" என்றாள்.

அது ஓர் இரானிக்காரரின் ரொட்டிக் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. விடிய விடிய ரொட்டி வேகும். மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுவார், ஆனால் ஆண்களுக்கு மட்டும். உபகாரசாமி இந்தியில் பேசிப் பார்த்தார். கடைக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பொம்பளைகள் தங்க இடமில்லையாம்.

அத்தை ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "நாங்க தங்கறதுக்குக் கேக்கலீங்க. இதுங்க தங்கறதுக்குத்தான் கேக்கறேன். எங்களுக்குத் தெருவே போதுமுங்க."

உபகாரசாமி அதை அப்படியே சொன்னார். கடைக்காரர் குனிந்து பார்த்தார். மஞ்சள் மஞ்சளாக நூறு தலைகள் அவரை நிமிர்ந்து பார்த்துக் கத்தின. மனுஷன் ஒரு விரலை நீட்டினார். ஒரு குஞ்சு அதைக் கொத்தியது. அவ்வளவுதான், அடுப்பை ஒட்டியிருந்த மாவு அறையைத் திறந்துவிட்டார். மாவு மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார்.

அத்தை பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைத்தாள். சுவரை ஒட்டி வைத்தால் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. கொஞ்சம் தள்ளினால் கத்தின. இழுத்தும் தள்ளியும் ஓரிடத்தில் வைத்தபோது கத்தல் குறைந்து, தொண்டைக்குள்ளேயே பேசிக்கொள்வதுபோல் முனகல் மட்டும் கேட்டது. "ஆச்சுங்க, இனி பயமில்ல" என்றாள். மாமா மாவு மூட்டையில் சாய்ந்து, கடைக்காரர் கொடுத்த சூடான ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றார். பம்பாயில் அவர் கண்ட சுகம் அதுதான்.

மறுநாள் விமானம், கோயம்புத்தூரில் இறங்கி ஒரு லாரி. சாயங்காலம் ஊருக்கு வந்தபோது கொட்டகை வாசலில் கூட்டம். அப்பா முன்னால் நின்றார். அத்தை நேராக உள்ளே போனாள். கொட்டகைக்குள் கரி அடுப்பு மூட்டி, உமி பரப்பி, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து விட்டாள். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று மஞ்சளாகத் தரையெங்கும் கொட்டிக்கொண்டே போயிற்று. கடற்கரை ஓட்டலில் போன நாலைத் தவிர ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை. சிரிக்க வந்தவர்கள் சிரிப்பை மறந்து, மிதித்துவிடக் கூடாதென்று பின்னால் பின்னால் நகர்ந்தார்கள். அப்போது எனக்குச் சின்ன வயசு. ஆனாலும் இவள் என் அத்தை என்று எல்லோரிடமும் சொல்லவேண்டும்போல் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அடுத்த வாட்டி எனக்கும் ஒரு எரநூறு சொல்லீரு பாப்பாயி" என்றார்.

பக்கத்துக் காட்டு ராமாயி தனக்கு நூறு வேண்டுமென்றாள். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். யார் போய்க் கொண்டுவருவது என்று பேச்சு வந்தது. பொம்பளையைத் திரும்பத் திரும்ப அலையவிடாதே, அடுத்த தடவை நீயே போய்விட்டு வா மாப்பிள்ளை என்று ஒருவர் மாமாவிடம் சொன்னார். விமானத்தில் போவதென்றால் மாமாவுக்கு உயிர். போதாததற்கு அந்தக் கடலை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தார், காலை நனைக்கவில்லை.

மாமா அத்தையைப் பார்த்தார். அவள் குனிந்து, ஒதுங்கி நின்ற ஒரு குஞ்சைக் கரி அடுப்பின் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போனா நல்ல ஓட்டலாப் பாத்துத் தங்கிருவனுங்க" என்றார் மாமா. "குஞ்சு வந்து சேரோணுமுன்னா அவதானுங்க போகோணும்."